பருத்திக்கு வெயில் கணக்கு: பட்டம் முதல் பறிப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பருத்தி வெயில் பயிர் என்பது ஊரறிந்த செய்தி. "நம் பக்கம் வெயிலுக்கா பஞ்சம்?" என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வரும். ஆனால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானம் மப்பும் மந்தாரமுமாக நான்கு நாள் நின்றுவிட்டால், வரிசைக்கு வரிசை சப்பையும் (பூ மொட்டும்) பிஞ்சும் கொட்டிக் கிடக்கும். உடனே மருந்துக் கடைக்குத்தான் ஓடுகிறோம். கொட்டியதில் பெரும்பகுதிக்குப் பூச்சி காரணமே இல்லை. வெளிச்சம் போதாமல் செடியே கைவிட்டவை அவை.

வெப்பமண்டலத்தில் ஆண்டின் மொத்த வெயில் பருத்திக்குத் தாராளம். பூத்துக் காய் பிடிக்கும் ஆறு வாரத்தில் அந்த வெயில் கிடைக்கிறதா என்பதில்தான் மகசூல் நிற்கிறது. விதைக்கும் தேதி, இடைவெளி, தழைச்சத்து, நுனி கிள்ளுவது என எல்லாவற்றையும் அந்த ஆறு வாரத்தை மனத்தில் வைத்தே முடிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டின் நான்கு பருத்திப் பட்டங்களை (விதைக்கும் பருவங்களை) வைத்து இந்தக் கணக்கைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: பகல் நீளத்தை விடுங்கள், மேகத்தைப் பாருங்கள்

கோயம்புத்தூர், தஞ்சாவூர் போன்ற ஊர்கள் ஏறத்தாழ 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கின்றன. அங்கே ஜூனில் மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 45 நிமிடம். டிசம்பரில் மிகக் குறுகிய பகல் சுமார் 11½ மணி. ஆண்டு முழுவதற்கும் வித்தியாசம் ஒன்றே கால் மணி நேரம்தான். பஞ்சாபில் இதே வித்தியாசம் நான்கு மணி நேரத்தை நெருங்கும். காட்டுப் பருத்தி பகல் குறுகினால்தான் பூக்கும். இன்று நாம் பயிரிடும் இரகங்கள் அந்தக் குணத்தை இழந்து, பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் பூக்கின்றன. ஆகவே வட இந்தியக் கட்டுரைகளிலும் அமெரிக்கக் கையேடுகளிலும் வரும் பகல் நீளப் பேச்சை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நமக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது மேகம். மார்ச் மாதத்தில் நம் சமவெளியில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின் மேல் நாளொன்றுக்கு 6 யூனிட்டுக்கு மேல் சூரிய ஆற்றல் விழுகிறது. மின்சாரக் கட்டணத்தில் வரும் அதே யூனிட்தான் இது. வடகிழக்குப் பருவமழை நடக்கும் நவம்பரில் இது ஏறத்தாழ 4 யூனிட்டுக்கு இறங்குகிறது. இது மாதச் சராசரி. புயல் சின்னம் உருவாகி மூன்று நாள் விடாமல் மூடிய வானத்தின் கீழ், இதிலும் பாதிக்குக் குறைவாகவே கிடைக்கும்.

உங்கள் ஊர் வெளிச்சத்தை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. அருகில் யாராவது கூரையில் சூரிய மின்தகடு போட்டிருந்தால், அவருடைய கைபேசிச் செயலியில் நாள்வாரியாக உற்பத்தி பதிவாகியிருக்கும். இரண்டு மூன்று ஆண்டுப் பதிவை வாங்கி, எந்த வாரங்களில் உற்பத்தி சரிந்திருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வானிலை அறிக்கை மழையளவைச் சொல்லும். மழை பெய்யாமலே மூட்டம் போட்டு நின்ற நாள்களை இந்தப் பதிவுதான் காட்டிக்கொடுக்கும். பருத்திக்கு அந்த நாள்களும் நட்டக் கணக்கில்தான் சேரும்.

இரண்டாம் படி: செடி எப்போது வெயில் கேட்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

விதைத்த முதல் மாதத்தில் சில நாள் மூட்டம் இருந்தால் பெரிய நட்டமில்லை. செடி சிறியது, இலை குறைவு. வளர்ச்சி சற்றுத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். 35 முதல் 40 நாளில் சப்பை கட்டத் தொடங்கும். சப்பை பூவாக ஏறத்தாழ மூன்று வாரம். ஆகவே முதல் பூ 55 முதல் 65 நாளுக்குள். பூத்த பிறகு காய் வெடிக்க 45 முதல் 55 நாள். வெப்பம் கூடினால் சீக்கிரம், குளிர்ந்தால் தாமதம்.

வெளிச்சக் குறைவு அதிகம் அடிப்பது இரண்டு கட்டங்களில். பூத்து பத்துப் பன்னிரண்டு நாளுக்குட்பட்ட பிஞ்சு முதல் பலி. அதற்கு அடுத்தது மிளகளவே ஆன சின்னச் சப்பை. நன்கு பருத்த சப்பையும் மலர்ந்த பூவும் அவ்வளவு எளிதில் விழுவதில்லை. பூத்து மூன்று வாரம் தாண்டிய காயும் விழாது. காரணம் எளிது. இலை அன்றாடம் சமைக்கும் சர்க்கரையில்தான் காய்கள் வளர்கின்றன. வரவு குறைந்தால் எந்தக் காயில் குறைவாகச் செலவிட்டிருக்கிறதோ அதை முதலில் செடி உதிர்க்கிறது.

விழாமல் நின்ற காயும் தப்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பூத்த முதல் மூன்று வாரங்களில் பஞ்சிழை நீளுகிறது. அடுத்த மூன்று வாரங்களில் அந்த இழையின் உட்சுவரில் செல்லுலோஸ் படிந்து தடிக்கிறது. முதிர்ந்த பஞ்சில் 90 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ்தான். அது முழுக்க வெயிலில் சமைத்த சர்க்கரை. இந்தத் தடிக்கும் கட்டத்தில் வெளிச்சம் குறைந்தால் இழை மெலிந்து, முதிராமல் நிற்கும். இழையின் தடிமனையும் முதிர்ச்சியையும் காட்டும் மைக்ரோனேர் அளவு இறங்கும். அந்தப் பஞ்சு நூற்கும்போது முடிச்சு விழும், சாயமும் சீராக ஏறாது. வியாபாரி விலையைக் குறைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு விஷயம். ஒரு காய்க்கு அதிகம் ஊட்டுவது அதன் காம்படியில் இருக்கும் இலைதான். அந்த இலை விரிந்து இரண்டரை மூன்று வாரத்தில் உச்சத் திறனை எட்டி, பிறகு தளர்ந்துகொண்டே போகிறது. காய் பசியோடு இருக்கும் நேரத்தில் இலைக்கு வயதாகியிருக்கும்; போதாததற்கு மேலே புது இலைகள் நிழல் போட்டிருக்கும். கீழ்க்காய்களுக்கு வெளிச்சம் இறங்க வழி செய்வது ஏன் முக்கியம் என்பது இங்கேதான் புரியும்.

மூன்றாம் படி: காயிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பட்டத்தை முடிவு செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால், இதைப் பின்பற்றுங்கள். விதை, உரம், மருந்து எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். தேதியைத் தள்ளிவைக்கப் பணம் வேண்டாம்.

உங்கள் ஊரில் வானம் வெளிவாங்கியிருக்கும் ஆறு வாரத்தை முதலில் குறியுங்கள். அந்த ஆறு வாரத்தின் முதல் நாளில் வயலில் பூ பரவலாகத் தொடங்க வேண்டும். அங்கிருந்து 60 நாள் பின்னோக்கி எண்ணினால் விதைக்கும் தேதி கிடைக்கும். இனி பட்டம் பட்டமாகப் பார்ப்போம்.

நெல் தரிசுப் பருத்தி: திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் சம்பா, தாளடி அறுவடைக்குப் பின் போடுவது. தை 10 வாக்கில், அதாவது ஜனவரி 25இல் விதைத்தால் மார்ச் கடைசியில் பூ, ஏப்ரலிலும் மே முதல் பாதியிலும் காய் முதிர்ச்சி, மே நடுவில் வெடிப்பு. சூரியன் 11 டிகிரி அட்சரேகைக்கு நேர் உச்சியில் வருவது ஏப்ரல் 18ஐ ஒட்டி. வெளிச்சத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நான்கு பட்டங்களில் இதற்கு இணை இல்லை. தாளடி அறுவடை தள்ளிப்போய் மாசிக் கடைசியில் விதைத்தால் கதை வேறு. காய் வெடிக்கும் நேரத்தில் கோடை இடிமழையும், அதன்பின் ஜூன் 12இல் மேட்டூர் திறப்பதை ஒட்டிய குறுவை அவசரமும் சேர்ந்துகொள்ளும். வெளிச்சம் இருந்தும் பறிக்க நாள் இருக்காது.

மாசிப் பட்ட இறவை: பிப்ரவரி 20இல் விதைத்தால் ஏப்ரல் 20 வாக்கில் பூ, மே மாதம் முழுக்கக் காய், ஜூன் முதல் வாரத்திலிருந்து வெடிப்பு. வெளிச்சம் ஏராளம், தண்ணீரும் வெப்பமும்தான் இங்கே கட்டுப்படுத்தும். தேனி, கோயம்புத்தூர் போன்ற மலையடி மாவட்டங்களில் தென்மேற்குப் பருவமேகம் ஜூனில் கணவாய் வழியாக நுழைந்துவிடும். ஆகவே அங்கே மாசி முதல் பாதியிலேயே விதையுங்கள், பங்குனிக்குத் தள்ளாதீர்கள்.

ஆவணிப் பட்ட இறவை: சிக்கல் இங்கேதான். ஆகஸ்ட் 25இல் விதைத்தால் அக்டோபர் 24 வாக்கில் முதல் பூ. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அதே வாரம்! முதல் மாதப் பூக்கள் எல்லாம் மூட்டத்தில் சிக்குகின்றன. இருந்தும் இந்தப் பட்டம் காலங்காலமாக நிலைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எம்.சி.யு. 5 போன்ற இரகங்கள் 160 நாளுக்கு மேல் நிற்பவை. நவம்பரில் கொட்டியதை டிசம்பர், ஜனவரி வெயிலில் மேல் கிளைகளில் ஈடுகட்டிவிடும். 130 நாளுக்குள் ஒருசேரப் பூத்து, ஒருசேர வெடிக்கும் குறுகிய கால இரகத்துக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு கிடையாது. அதன் பூக்காலமே மூட்டத்தில் கரைந்துவிடும். பருவமழை பலமாக இருக்கும் ஊர்களில் ஆவணியில் குறுகிய கால இரகம் போடுவது சூதாட்டம் என்பதே என் கருத்து. அவற்றுக்கு மாசியும் தையும்தான் உரிய இடம்.

புரட்டாசி மானாவாரி: விருதுநகர், தூத்துக்குடி கரிசல் காடுகளில் அக்டோபர் முதல் வாரத்தில் விதைத்தால் டிசம்பர் தொடக்கத்தில் பூ, டிசம்பர், ஜனவரியில் காய். மழை பின்வாங்கி வானம் தெளியும் காலம் அது. வெளிச்சக் குறை அதிகம் இல்லை. கரிசலில் தேங்கிய ஈரம் எத்தனை நாள் தாங்கும் என்பதே கேள்வி. முன்பருவ விதைப்பாக மழைக்கு முன்பே விதையை மண்ணில் போட்டு வைப்பது ஈரத்துக்கு நல்லது. ஆனால் வழக்கத்துக்கு மாறாக மழை மிகவும் முந்திவிட்டால், பூவும் அதற்கேற்ப முந்திக்கொண்டு மூட்டத்துக்குள் போய்விடும்.

இந்தப் பின்னோக்கு எண்ணிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் மாலியில் மழை தொடங்கும் மே, ஜூனில் விதைத்து, மழை ஓய்ந்த அக்டோபர், நவம்பரில் பஞ்சு எடுக்கிறார்கள். பிரேசிலின் மாட்டோ குரோசோ மாநிலத்தில் சோயா அறுவடை முடிந்ததும் ஜனவரியில் பருத்தியை விதைத்து, ஜூனுக்குப் பிறகான வறண்ட தெளிந்த வானத்தில் காயை வெடிக்க விடுகிறார்கள். இலைக்கு மழை, காய்க்கு வெயில் என்பதே வெப்பமண்டலம் எங்கும் நடைமுறை.

நான்காம் படி: நிலத்தில் விழும் நிழலை அளவிடுங்கள்

வரப்பில் நிற்கும் தென்னை, வேம்பு, பனை ஆகியவற்றின் நிழல் எங்கே விழும் என்பது பட்டத்துக்குப் பட்டம் மாறும். டிசம்பரில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து, தரையிலிருந்து சுமார் 55 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். எனவே தெற்கு வரப்பு மரங்களின் நிழல் ஆவணிப் பட்டத்துப் பருத்திக்குள் நீளும். ஏப்ரலில் சூரியன் தலைக்கு மேல். அதே மரம் அப்போது பெரிய தொல்லை தராது. காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று வரை நிழல் விழும் பட்டையைப் பருத்தியிலிருந்து விலக்கி வையுங்கள்.

வரப்பு ஓரமாக மக்காச்சோளமோ சோளமோ அரண் பயிராகப் போடுபவர்கள், பருத்தியின் முதல் வரிசைக்கும் அதற்கும் இடையே தாராளமாக இடம் விடுங்கள். ஊடுபயிர் உளுந்தாகவோ சின்ன வெங்காயமாகவோ இருந்தால் பருத்தி பூக்கத் தொடங்கும் நேரத்தையொட்டிப் பெரும்பாலும் கிளம்பிவிடும், கவலையில்லை.

வரிசை கிழக்கு மேற்கா, வடக்கு தெற்கா என்று சிலர் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். நம் அட்சரேகையில் செடிகள் கூடிய பிறகு அதில் பெரிய வித்தியாசம் இல்லை. நீர் ஓடும் சரிவைப் பார்த்து வரிசையைப் போடுங்கள்.

ஐந்தாம் படி: இடைவெளியும் இலைக்கூரையும்

விழும் வெயில் இலையில் பட வேண்டும். வெறுந்தரையில் பட்டால் வீண். அதேபோல மேல் இலைகளே எல்லாவற்றையும் விழுங்கிவிட்டால் கீழ்க்காய் பட்டினி கிடக்கும். ஒரு பருத்தி இலை தன் மேல் விழும் பயன்படும் ஒளியில் எட்டில் ஏழு பங்கைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு இலைகளுக்குக் கீழே மூன்றாவதற்குக் கிடைப்பது அற்பம்.

இதைப் பார்க்க ஒரு மீட்டர் கோல் போதும். உச்சி வெயிலில் இரு வரிசைகளுக்கு இடையே, வரிசைக்குக் குறுக்காகக் கோலைத் தரையில் கிடத்துங்கள். கோலின் மேல் எத்தனை சென்டிமீட்டரில் வெயில் பொட்டுகள் விழுகின்றன என்று எண்ணுங்கள். நான்கைந்து இடங்களில் எடுத்துச் சராசரி பாருங்கள். முதல் பூ வந்து இரண்டு மூன்று வாரத்தில் வெயில் விழும் பகுதி 10 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கியிருந்தால் சரி. அப்போதும் 40 சென்டிமீட்டர் வெயிலில் இருந்தால் இடைவெளி அதிகம். அடுத்த ஆண்டு நெருக்கி நடுங்கள். பூக்கத் தொடங்கும் முன்பே பொட்டு வெயில்கூடத் தெரியவில்லை என்றால் செடி கொழுத்துவிட்டது என்று பொருள்.

இரகங்களுக்கு 75 × 30 சென்டிமீட்டர், கலப்பினங்களுக்கு 120 × 60 அல்லது 90 × 60 என்பது பொதுவான அளவு. கோ 17 போன்று பக்கக் கிளை நீளாமல் ஒடுங்கி வளரும் இரகத்தை 100 × 10 சென்டிமீட்டரில் நெருக்கி நடலாம். கிளை பரப்பும் கலப்பினத்தை அதே நெருக்கத்தில் நட்டால் நிழல் போர்தான் நடக்கும். நிழலில் அகப்பட்ட செடி வெளிச்சம் தேடி உயரும். கணுக்களின் இடைவெளி நீளும். காய்க்குப் போக வேண்டிய சத்து தண்டுக்குப் போகும்.

செடி கொழுக்கிறதா என்று அறிய உச்சியிலிருந்து நான்காவது கணுவுக்கும் ஐந்தாவது கணுவுக்கும் இடையே விரல்களை வையுங்கள். நான்கு விரல், அதாவது 3 அங்குலத்துக்கு மேல் இடம் இருந்தால் வளர்ச்சியைக் கட்ட வேண்டும். 2 அங்குலத்துக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். கட்ட இரண்டு வழி: மெபிக்வாட் குளோரைடு என்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தைத் தெளிப்பது ஒன்று, நுனி கிள்ளுவது மற்றொன்று. இரகங்களுக்கு 75 முதல் 80 நாளில் 15ஆவது கணுவுக்கு மேலும், கலப்பினங்களுக்கு 85 முதல் 90 நாளில் 20ஆவது கணுவுக்கு மேலும் கிள்ளலாம். தண்ணீருக்கு வாடிக்கொண்டிருக்கும் செடியில் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தைத் தெளிக்காதீர்கள்.

ஆறாம் படி: மூட்டம் போட்ட வாரத்தில் செய்ய வேண்டியது

மேகத்தை யாரும் விலக்க முடியாது. அந்த வாரத்தில் கெடுதலைக் கூட்டாமல் இருக்கலாம்.

யூரியா மேலுரம் போட வேண்டிய நாள் மூட்டத்தில் வந்தால் தள்ளிப்போடுங்கள். பிஞ்சு விழுந்த செடிக்குத் தழைச்சத்து கொடுத்தால் இலைதான் பெருகும். பெருகிய இலை நிழலைக் கூட்டும். நிழல் மறுபடி பிஞ்சை உதிர்க்கும். மூட்டத்துக்குப் பின் மரம்போல் வளர்ந்து காயில்லாமல் நிற்கும் பருத்திகள் பெரும்பாலும் இந்தச் சுழலில் சிக்கியவை.

பாசனத்தையும் குறையுங்கள். வெயில் இல்லாத நாளில் செடி பாதித் தண்ணீர்கூடக் குடிக்காது. மழைநீர் தேங்கினால் அன்றே வடித்துவிடுங்கள். மூச்சு முட்டிய வேர் இன்னொரு உதிர்வுக்குக் காரணமாகும். கரிசலில் இது இரட்டிப்பு அவசரம்.

நாப்தலின் அசிட்டிக் அமிலம் என்ற பயிர் ஊக்கியை 40 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 40 பங்கு) அளவில் 60ஆவது, 90ஆவது நாள்களில் தெளிக்கும் பரிந்துரை உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி பிளஸ் கலவையை ஏக்கருக்கு 2½ கிலோ வீதம் 200 லிட்டர் நீரில் கலந்து, பூக்கும் போதும் காய் பிடிக்கும் போதும் தெளிக்கலாம். இவை உதிர்வைக் குறைக்கும். ஆனால் காயை விடாதே என்று செடிக்குச் சொல்லும் ஊக்கியால் சர்க்கரையைச் சமைத்துத் தர முடியாது. தெளிப்பின் பலன் முழுதாகத் தெரிவது வானம் வெளிவாங்கிய பிறகுதான். அடைமழையில் தெளிப்பது கூலிக்கும் மருந்துக்கும் நட்டம்.

ஏழாம் படி: விழுந்த சப்பையை எடுத்துப் பாருங்கள்

மருந்து வாங்கும் முன் இருபது முப்பது சப்பைகளையும் பிஞ்சுகளையும் தரையிலிருந்து பொறுக்குங்கள். சப்பையைச் சுற்றிய மூன்று பச்சை மடல்களை விலக்கி, நகத்தால் கீறுங்கள். ஓட்டையோ, உள்ளே எச்சமோ, புழுவோ இருந்தால் காய்ப்புழு. அப்படிப்பட்ட சப்பையின் மடல்கள் பெரும்பாலும் உதிரும் முன்பே விரிந்து மஞ்சளித்திருக்கும். உள்ளே சுத்தமாக, தாதுப்பை முழுசாக இருந்து, காம்பு வெட்டியதுபோல் வழவழப்பாகக் கழன்றிருந்தால் செடி தானாக உதிர்த்தது. எந்த நல்ல பருவத்திலும் பருத்தி தன் சப்பையிலும் பிஞ்சிலும் பாதிக்கு மேல் உதிர்க்கவே செய்யும். சிலவற்றைப் பார்த்துப் பதறத் தேவையில்லை.

பருவம் முடிந்தபின் செடியிலேயே அந்த ஆண்டின் வானம் பதிந்திருக்கும். காய்க்கிளைகளின் முதல் கணுவில் பூ மலர்வது கிளைக்குக் கிளை சுமார் மூன்று நாள் இடைவெளியில். கீழிருந்து எண்ணிக்கொண்டே போங்கள். முதல் நான்கு கிளைகளில் காய் இருந்து, அடுத்த மூன்றில் வெறும் தழும்பு மட்டும் இருந்தால், ஒன்பது பத்து நாள் பூக்கள் போய்விட்டன என்று அர்த்தம். அதற்கு மேல் இரண்டு மூன்று கிளைகளில் மறுபடி காய் இருக்கும். மூட்டத்தின்போது பருத்த சப்பையாக நின்று தப்பியவை அவை. இன்னும் மேலே மற்றொரு வெற்றிடம் இருந்தால், அன்று மிளகளவு இருந்த சப்பைகள் விழுந்த இடம். ஏழெட்டுச் செடிகளில் இதே வரிசை தெரிந்தால் ஐயமே வேண்டாம், மூட்டத்தின் வேலைதான். செடிக்குச் செடி தாறுமாறாக இருந்தால் பூச்சியையும் பாசனத்தையும் ஆராயுங்கள். இந்தக் குறிப்பை முதல் படியில் எழுதிய தாளோடு வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டுத் தேதியை எத்தனை நாள் நகர்த்துவது என்று தெரிந்துவிடும்.

எட்டாம் படி: வெயில் மிகும்போது

மாசிப் பட்டத்தில் ஏப்ரல், மே மாதங்களில் பிரச்சினை தலைகீழ். பருத்தி இலை காலையில் கிழக்கையும் மாலையில் மேற்கையும் பார்த்துத் திரும்பி வெயிலை முழுதாக வாங்கும். வயலில் நின்று பார்த்தாலே தெரியும். வாடிய இலை அப்படித் திரும்பாது, தொங்கிவிடும். தண்ணீர் இருந்தால் இலை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். தண்ணீர் இல்லாவிட்டால் அதே வெயில் இலையைச் சூடாக்கி, ஒளிச்சேர்க்கையை நிறுத்திவிடும். 35 டிகிரிக்கு மேல் வெப்பம் நீடித்தால் மகரந்தமும் கெட்டுப் பிஞ்சு பிடிக்காது. எனவே இந்தப் பட்டத்தில் பூக்கும் ஆறு வாரமும் பாசன இடைவெளியைக் குறுக்குங்கள். தண்ணீர் போதாதென்றால் பரப்பைக் குறைத்து விதைப்பதே மேல்.

கடைசிப் படி: பறிப்பும் உலர்த்தலும்

காய் வெடிக்க வெயில் வேண்டும். அடர்ந்து மூடிய வயலில் கீழ்க்காய்கள் வெடிக்காமலே அழுகும். அடியில் மஞ்சளித்த முற்றிய இலைகளைக் களைந்தால் காற்றும் வெளிச்சமும் இறங்கும். பறிப்பைக் காலையில் தொடங்கிப் பத்துப் பதினொரு மணிக்குள் முடியுங்கள். வெயில் ஏறினால் காய்ந்த சருகு நொறுங்கிப் பஞ்சில் ஒட்டும். பறித்த பருத்தியைக் கொளுத்தும் வெயிலில் பரப்பாதீர்கள்: இழையின் வலுவும் பளபளப்பும் குறையும். நிழலில், தரையில் மெல்லிய உலர்ந்த மணல் பரப்பி, அதன் மேல் உலர்த்துங்கள். கறையும் கொட்டுப் பருத்தியும் (தரம் கெட்ட பருத்தியும்) கலக்காமல் தரம் பிரித்த பிறகு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு ஏற்றுங்கள்.